ஃபிளின்ட் தண்ணி: உங்க மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம்?

பதிவு 1
அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் ஊர்ல குடிதண்ணியில ஈயம் இறங்கின கதை இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா வரேன். 2014 ஏப்ரல்ல டெட்ராய்ட் தண்ணியை விட்டுட்டு ஆத்துத் தண்ணிக்கு மாத்தினாங்க. அக்டோபர்லயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை அதை வேண்டாம்னுடுச்சு. பாகமெல்லாம் துருப்பிடிக்குதுன்னு பக்கத்து டவுன்ஷிப்ல இருந்து ஏரித் தண்ணி வாங்கிக்கிச்சு. எஞ்சினுக்கு ஆகாத தண்ணியிலதான் வீட்டுல 2015 அக்டோபர் 16 வரைக்கும் குழந்தைக்குப் பால் கலக்கினாங்க. இடையில போன அந்த ஒரு வருஷம் நெஞ்சை விட்டுப் போகல.

மறுமொழி 2
அண்ணே, ஆத்து மேல பழி போடாதீங்க. குழாயை அரிக்கிற குளோரைடு கூடுதல்தான், ஆனா ஆர்த்தோபாஸ்பேட்ங்கிற அரிப்புத் தடுப்பு மருந்து கலந்திருந்தா குழாய்க்குள்ள படலம் நின்னிருக்கும், ஈயம் இறங்கியிருக்காது. டெட்ராய்ட் தண்ணியில அது இருந்துச்சு. இங்க கலக்கவே இல்ல. நாளுக்குச் சுமார் 100 டாலர் செலவு, அவ்வளவுதான்! உள்ள இருந்த பழைய படலமும் கரைஞ்சு போச்சு.

மறுமொழி 3
எனக்கு உறுத்துறது ஈயச் சோதனையில தள்ளிவிட்ட அந்த ரெண்டு தண்ணி மாதிரிகள். 1960ல கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் இருந்த ஊர். வேலை போக, ஜனம் ஒரு லட்சத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. அதனாலயே 100 வீட்டுக்குப் பதிலா 60 வீட்டுல தண்ணி எடுத்தாப் போதும்னு ஆச்சு. 2015ல 71 மாதிரி வந்துச்சு, அதுல ரெண்டைத் தள்ளிட்டாங்க. ஈய அளவு 18 பிபிபில (நூறு கோடியில 18 பங்கு) இருந்து 11க்கு இறங்கிச்சு. அப்போ வரம்பு 15.

யாராவது சொந்த வீட்டுல ஈயம் பார்க்கிறதா இருந்தா, ஃபிளின்ட்ல செஞ்ச மாதிரி செய்யாதீங்க. அங்க முந்தின ராத்திரி சில நிமிஷம் குழாயைத் திறந்துவிடச் சொன்னாங்க. அப்படி விட்டா, பைப்புல ஊறின ஈயம் சோதனைக்கு முன்னாடியே சாக்கடைக்குப் போயிடும். 6 மணி நேரமாவது குழாயைத் தொடாம விடுங்க. காலையில முதல்ல வர்ற தண்ணியைப் பிடிங்க, முழுசா 1 லிட்டர். குழாய் முனை வலையைக் கழட்டாதீங்க, ஈயத்துகள் அங்கதான் தங்கும். வாய் அகலமான பாட்டில் வேணும். வாய் சின்னதா இருந்தா குழாயை மெதுவாத்தான் திறப்பீங்க, அந்த வேகத்துல துகள் பிரிஞ்சு வராது. சமையலுக்கு எப்பவும் பச்சைத்தண்ணிதான், சுடுதண்ணிக் குழாய்ல ஈயம் கூடுதலா இறங்கும். கொதிக்க வெச்சாலும் ஈயம் போகாது, தண்ணி வத்த வத்த அடர்த்திதான் ஏறும். ஃபில்டர் வாங்கினா ஈயத்துக்குன்னே சான்று இருக்கான்னு பாருங்க, அதுல சுடுதண்ணி விடாதீங்க.

மறுமொழி 4
மூணாவது பதிவு நல்ல விவரம், ஆனா சோதனையைச் சரியா எடுத்திருந்தா மட்டும் நம்பிக்கை வந்திருக்குமா? முன்னாடி நடந்ததையும் பாருங்க. பண நெருக்கடியில இருக்கிற ஊர் நிர்வாகத்தை மாநிலம் போடுற ஆள் கையில கொடுக்கிற அவசர மேலாளர் சட்டத்தை 2012 நவம்பர்ல மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடிச்சாங்க. டிசம்பர்லயே கிட்டத்தட்ட அதே சட்டம் திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை நிதி ஒதுக்கீட்டையும் உள்ள சேர்த்து. நிதி ஒதுக்கீடு இருக்கிற சட்டத்தை அந்த மாநிலத்துல பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டு போக முடியாது. அந்தச் சட்டத்துல வந்த மேலாளர் காலத்துலதான் தண்ணி மாறிச்சு. 2015 மார்ச்ல நகர சபை 7க்கு 1ன்னு ஓட்டுப் போட்டு, ஆத்துத் தண்ணியை நிறுத்தி டெட்ராய்ட்டுக்கே திரும்பணும்னு கேட்டுச்சு. மேலாளர் முடியாதுன்னுட்டார்.