குழந்தைகள் கிளினிக் வெப்சைட்: புதியவர்கள் வர என்ன செய்யலாம்?

கேள்வி:
குழந்தை நல மருத்துவர் நான். தனியாக கிளினிக் நடத்துகிறேன். வெப்சைட் போட்டு 3 வருடமாகிறது. அதைப் பார்த்து வந்தோம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. முகப்பில் என் பட்டங்கள், சுழலும் படங்கள், ‘எங்கள் நோக்கம்’ என்று நீளமாக ஒரு பத்தி. எதை மாற்றுவது?

பதில் 1:
டாக்டர், வெப்சைட் செய்வது என் தொழில். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவும்கூட. ராத்திரி 11 மணி. காய்ச்சலில் அனத்தும் பிள்ளை மடியில், ஒரு கையில் போன். அப்போது நான் தேடுவது உங்கள் நோக்கத்தை அல்ல. காலையில் எப்போது திறப்பீர்கள், முன்பதிவு வேண்டுமா, தொட்டதும் அழைப்பு போகிற எண் எங்கே? இவை மூன்றும் முதல் திரையிலேயே இருக்கட்டும். சுழலும் படங்களை எடுத்துவிடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பிறகு தடுப்பூசி, மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம், நீங்கள் பெற்றோரிடம் பேசுகிற அதே வார்த்தைகளில்.

பதில் 2:
கூகுள் மேப்பில் உள்ள நேரமும் வெப்சைட்டில் உள்ள நேரமும் ஒன்றுதானா என்று பாருங்கள். விமர்சனங்களுக்குப் பதில் எழுதும்போது கவனம்: ‘உங்கள் குழந்தையைப் பார்த்தேனே’ என்றாலே நோயாளியின் ரகசியம் வெளியே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மேப்பில் பழைய நேரம்தான் இருந்தது! மூடிய கதவைப் பார்த்து எத்தனை பேர் திரும்பினார்களோ, மனசு கேட்கவில்லை. இப்போதே திருத்திவிட்டேன்.