போலித் தானியமா, தானியப்போலியா, கீரையரிசியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கினோவா போல, புல்லினம் அல்லாவிட்டாலும் தானியம்போல் சமைக்கும் விதைகளை ஆங்கிலத்தில் 'சூடோசீரியல்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> 'சூடோசீரியல்' என்பதற்குப் 'போலித் தானியம்' போதும். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதுதான் சிக்கல். போலி மருந்து, போலிப் பத்திரம், போலிச் சாமியார் என்று பழகிய காதுக்குப் 'போலித் தானியம்' என்றால் கலப்படச் சரக்கு என்றுதான் படும். பொட்டலத்தில் அப்படி அச்சடித்துவிட்டு யாரிடம் விற்பது?

போலி இழிசொல் அன்று, இலக்கணத்தில் மதிப்புள்ள சொல் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். உண்மை. 'பந்தல்' 'பந்தர்' ஆனாலும் பொருள் மாறுவதில்லை. லகரம் நின்ற இடத்தில் ரகரம் நிற்கிறது, அதுவே போலி. அந்தப் பொருள்தான் வேண்டும் என்றால் சொல்லைத் திருப்பிப் போடுங்கள்: தானியப்போலி. நெல், கோதுமை, தினை எல்லாம் புல்லின விதைகள். கினோவா, அமராந்த் (முளைக்கீரை இனத்து விதை), பக்வீட் (முக்கோண வடிவ விதை) மூன்றும் புல்லினம் அல்ல. ஆனாலும் உலையில் தானியத்தின் இடத்தில் நிற்கின்றன. பாடநூலுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து.

சமையலறைக்குப் பொருந்தாது. அங்கே வேறு சொல் வேண்டும் என்பதை என் தோட்டத்தில்தான் கண்டேன்.

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில் ஏப்ரல் கடைசியில் கினோவா விதைத்தேன். ஒரு சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். முளைத்தபோது கூடவே சக்கரவர்த்திக் கீரையும் தானாக முளைத்தது. இந்த ஊரில் அது களை. இரண்டும் கினோபோடியம் என்ற ஒரே பேரினம். வாத்துப் பாதம் போன்ற அதே இலை (அந்தக் கிரேக்கப் பெயருக்கும் வாத்துக்கால் என்றுதான் பொருள்), கொழுந்தில் மாவு தூவியதுபோல் அதே வெண்பொடி. நான் குனிந்து குனிந்து களையெடுத்ததில் பாதிக் கினோவா போய்விட்டது. எருவிட்டு வளர்த்தது களையை. அதையும் பருப்போடு கடைந்து சாப்பிட்டோம், ருசிக்குக் குறைவில்லை.

தப்பிய செடிகள் என் தோளுயரம் வளர்ந்தன. செப்டம்பரில் மழைக்கு முந்திக்கொண்டு கதிரை அறுத்தேன். நனைந்தால் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். கசக்கி, முறத்தில் புடைத்து, தண்ணீரில் தேய்த்தால் பூந்திக்கொட்டையைக் கரைத்ததுபோல் நுரை. தோலில் உள்ள சப்போனின் என்ற கசப்புப் பொருள் செய்யும் வேலை அது. ஐந்து தண்ணீர் மாற்றிய பிறகுதான் ஒரு மணியைக் கடித்தால் கசக்கவில்லை. பொலிவியாவின் உப்புவெளி ஊர்களில் மணிகளை வறுத்து, கல்குழியில் கொட்டி, காலால் மிதித்துத் தோலெடுக்கும் வழக்கம் உண்டு. என்னிடம் சல்லடைதான்.

ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், கால்மணி நேரம். வெந்ததும் ஒவ்வொரு மணியிலிருந்தும் முளைக்கரு வெள்ளை வால்போல் பிரிந்து சுருண்டு நின்றது. மாமியார் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "இது என்ன அரிசி, தம்பி?" என்றார்.

புல்லினமா என்று அவர் கேட்கவில்லை. தமிழும் ஒருநாளும் கேட்டதில்லை. நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பாருங்கள்: ஏலரிசி, கார்போகரிசி, வெட்பாலரிசி. இவற்றில் எதுவும் நெல்லுக்கு உறவில்லை, வெட்பாலை மரம். உள்ளே இருக்கும் சிறு விதை நமக்கு அரிசி, அவ்வளவுதான். ஆகவே கினோவாவுக்கும் அமராந்துக்கும் 'கீரையரிசி' என்பது என் முன்மொழிவு. இரண்டும் ஒரே கீரைக் குடும்பம். பக்வீட் வேறு குடும்பம், அதற்கு இந்தச் சொல் ஆகாது. அது தானியப்போலியாகவே இருக்கட்டும்.

'குயினோவா' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைமக்களின் கெச்சுவா மொழியில் அது 'கின்வா'. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து வந்த வினைதான் இந்தக் 'குயி'. ஐக்கிய நாடுகள் அவை 2013ஐக் கினோவா ஆண்டாக அறிவித்தபோதே நாம் இதைப் பேசி முடித்திருக்க வேண்டும்.

> கீரையரிசி என்றால் கீரை போட்ட சோறு என்று நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். நேற்று மாமியாரிடம் 'கீரையரிசி உப்புமா' என்று சொல்லித் தட்டை வைத்தேன். கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "கீரை எங்கே?" என்றார். சொல்லை நான் மாற்றுவதாக இல்லை. கினோவாவின் இளம் இலையும் உண்ணத் தக்கதுதான். அடுத்த முறை ஒரு கைப்பிடி கிள்ளிப் போட்டுவிடுகிறேன்.