காலையில வாக்கிங் போயும் உடம்பு சரியில்ல, நாள் பூரா சிஸ்டம் முன்னாடி உட்கார்றவங்க சொல்லுங்க

சோழிங்கநல்லூர்_வாசி:
வணக்கம். வயசு 36, ஐடி வேலை, வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ், மத்த நாள் வீட்டுல இருந்தே. க்ளையன்ட் அமெரிக்காவுல, அதனால மதியம் 1 மணிக்கு லாகின் பண்ணா ராத்திரி 11, 12 ஆயிடும், போன் மீட்டிங் ஒண்ணு மாத்தி ஒண்ணு போயிட்டே இருக்கும், நடுவுல பாத்ரூம் போறதோட சரி. சாப்பாடும் லேப்டாப் முன்னாடிதான். அப்புறம் படுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் போன். காலையில 40 நிமிஷம் வாக்கிங் மட்டும் விடாம போறேன், அது போதும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். ஆனா ஒரு மாசமா கழுத்து பிடிப்பு, நடு இடுப்புல வலி, சாயங்காலம் ஆனா கண்ணு மணல் விழுந்த மாதிரி உறுத்துது. வலி தாங்கலைன்னா மெடிக்கல்ல ஒரு பெயின் கில்லர் வாங்கிப் போட்டுக்குவேன். இடது கெண்டைக்கால் வேற ஒரு வாரமா கனமா இருக்கு, ஆபீஸ் போயிட்டு வந்து சாக்ஸ் கழட்டினா இடது கால்ல மட்டும் ஆழமா தடம் விழுந்திருக்கு, அம்மா தினமும் தைலம் போட்டு உருவி விடுறாங்க. என் கேள்வி இதுதான், 18,000 ரூபாய்க்கு ஒரு சேர் பார்த்து வச்சிருக்கேன், அதை வாங்கலாமா இல்ல நின்னுக்கிட்டே வேலை பாக்குற ஸ்டேண்டிங் டெஸ்க் வாங்கலாமா?

கீபோர்டு_தம்பி:
அண்ணா, சேர் வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பை மேல தூக்குங்க. நான் பழைய டெலிபோன் டைரக்டரி ரெண்டு அடுக்கி அது மேல வச்சேன், ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கு வரணும், கீபோர்டு மவுஸ் தனியா 1,000 ரூபாய்க்குள்ள கிடைக்கும். ரெண்டே வாரத்துல என் கழுத்து பிடிப்பு பாதி குறைஞ்சிடுச்சு. கண்ணுக்கு, ஸ்க்ரீனை உத்துப் பார்க்கும்போது நாம கண்ணு சிமிட்டுறது பாதிக்கும் கீழ போயிடுதாம், அதான் காய்ஞ்சு போய் உறுத்துது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 செகண்டு பாருங்க, எனக்கு எதிர் வீட்டு மொட்டை மாடி தண்ணி டேங்க்.

மதுரை_பிசியோ:
சார், நான் 14 வருஷமா பிசியோதெரபி பண்றேன், இப்ப வர்றவங்கள்ல பாதிக்கு மேல உங்க மாதிரிதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். தலை எடை கிட்டத்தட்ட 5 கிலோ. போனை மடியில வச்சு 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல 27 கிலோ அளவுக்கு பாரம் ஏறுதுன்னு 2014ல ஒரு முதுகெலும்பு சர்ஜன் கணக்கு போட்டுக் காட்டினாரு. அந்த ஒரு மணி நேர போன் உங்க கழுத்தை என்ன பண்ணும்னு நீங்களே யோசிங்க. அடுத்தது கெண்டைக்கால், இதை யாரும் மதிக்கிறதே இல்ல. காலுக்கு இறங்கின ரத்தம் மேல ஏறணும்னா அந்தச் சதை சுருங்கி பிழிஞ்சு தள்ளணும், அதனாலதான் அதை ரெண்டாவது இதயம்னு சொல்றது. காலையில 40 நிமிஷம் அது வேலை செஞ்சுது, அப்புறம் 10 மணி நேரம் சும்மா தொங்குது. 1953லயே லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் மாடி பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தாரு. ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஆனா நாள் பூரா படி ஏறி இறங்கின கண்டக்டரை விட உட்கார்ந்தே இருந்த டிரைவருக்கு மாரடைப்பு அதிகம். வாக்கிங்கை விட்டுடாதீங்க, 8 மணி நேரத்துக்கு மேல உட்கார்றவங்களுக்கு தினம் 60ல இருந்து 75 நிமிஷம் வேகமான நடை அளவுக்கு உழைப்பு இருந்தா அந்த ஆபத்து பெரும்பாலும் சரிக்கட்டப்படுதுன்னு 2016ல பெரிய ஆய்வு வந்துச்சு. உங்களுக்கு 40 போதாது, அது போக அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சே ஆகணும். பேச வேண்டியது இல்லாத மீட்டிங்கை நடந்துக்கிட்டே கேளுங்க.

வார்டு_அக்கா:
எல்லாரும் சேர், கீபோர்டுன்னு பேசுறீங்க, தம்பி நடுவுல சொன்ன ஒரு வரியை யாரும் கவனிக்கலையே. ஒரு கால்ல மட்டும் ஆழமா சாக்ஸ் தடம், அதாவது வீக்கம், அதோட கனம், ஒரு வாரமா. தம்பி, முதல்ல அம்மாகிட்ட தைலம் போட்டு உருவுறதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. உள்ள ஆழமான ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருந்தா, உருவுறப்போ அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் அடைச்சிடலாம், நான் ஐசியூவுல வேலை பாத்தவ, அப்படி வந்தவங்களை கண்ணால பாத்திருக்கேன். ரெண்டாம் உலகப் போர்ல 1940ல லண்டன்ல குண்டுக்கு பயந்து ஷெல்டர்ல ராத்திரி பூரா சாய்வு நாற்காலியில உட்கார்ந்திருந்த ஜனங்க இப்படித்தான் திடீர் திடீர்னு செத்துப் போனாங்கன்னு எங்களுக்கு பாடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. நாளைக்கு வரைக்கும் தள்ளாதீங்க, ரத்தக்குழாயைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ நேரா 108தான்.

தி_நகர்_தையல்:
ஸ்டேண்டிங் டெஸ்க்னு கேட்டதுக்கு மட்டும் நான் சொல்றேன். நான் 11 வருஷம் ஜவுளிக்கடையில நின்னவ, ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை வரைக்கும், சாய்ஞ்சா கூட சூப்பர்வைசர் கத்துவாரு. ரெண்டு கால்லயும் வெரிகோஸ் வெயின் வந்து நரம்பு பச்சையா புடைச்சுக்கிட்டு நிக்குது. 2021ல நம்ம கவர்மென்ட் கடைகள்ல வேலை செய்றவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டம் கொண்டு வந்துச்சு, அன்னைக்கு நான் அழுதுட்டேன். அசையாம நிக்கிறதும் அசையாம உட்கார்றது மாதிரிதான் சார், காசு போட்டு டெஸ்க் வாங்கி அதுலயும் சிலை மாதிரி நின்னா என் கால் மாதிரிதான் ஆகும்.

சோழிங்கநல்லூர்_வாசி (4 நாள் கழிச்சு):
அக்கா, உங்க பதிலைப் படிச்சிட்டு மீட்டிங்ல இருந்து பாதியிலயே இறங்கி ஆஸ்பத்திரி போனேன். ஜெல் தடவி அந்தக் கருவியை வச்சு அமுக்கிக்கிட்டே வந்தாங்க, ஸ்க்ரீன்ல ரத்தக்குழாய் ஒவ்வொரு இடத்துலயும் வாய் மூடுற மாதிரி அமுங்கி அமுங்கி மூடிச்சு, முழங்காலுக்குப் பின்னாடி வந்ததும் மட்டும் மூடவே இல்ல. அங்க ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு, அதான் மூடலை. டாக்டர் உட்கார்றது மட்டுமே காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கான்னு எல்லாம் கேட்டாரு, ஆனா 10 மணி நேரம் அசையாம இருக்கிறது கண்டிப்பா ஒரு பங்குன்னாரு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, குறைஞ்சது 3 மாசம். அம்மாதான், நானே உருவி விட்டேனேன்னு ரெண்டு நாளா சாப்பிடலை, தெரியாம செஞ்சதுதானேன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. இப்போ நான் நடக்கலாமா அக்கா, பயமா இருக்கு.

வார்டு_அக்கா:
நல்ல வேளை தம்பி, போனீங்களே, அதுவே போதும். மாத்திரை ஆரம்பிச்சாச்சு, டாக்டரும் வேண்டாம்னு சொல்லலைன்னா தாராளமா நடக்கலாம், படுத்தே இருக்கணும்கிறது பழைய காலம். அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க, எங்க வார்டுக்கு வர்ற பத்து பேர்ல எட்டு பேர் வீட்டுல தைலம் தேய்ச்சிட்டுத்தான் வருவாங்க, அவங்க பண்ணது தப்பில்ல, தெரியாதது. மாத்திரையை ஒரு வேளை கூட விடாதீங்க. முன்னாடி இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன்னு சொன்னீங்களே, அந்த பெயின் கில்லரை இந்த மாத்திரையோட சேர்த்து போடவே கூடாது, வயித்துல ரத்தக் கசிவு வரலாம். இடுப்பு வலிக்கு என்ன போடலாம்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.