புதுப்பிப்பு: தாழ்த்திய எம்எக்ஸ்-5க்கு ஜாக் கிடைத்துவிட்டது

ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய என் மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு அடியில், வண்டியைத் தூக்கும் பழைய ஜாக் நுழையவில்லை, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

75 மி.மீ. வரை இறங்கும், நீளமான 2 டன் லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த) ஜாக் வாங்கினேன். அப்படியும் முன் பம்பர் தடுத்தது. கைகொடுத்தது, முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றச் சொன்னவரின் யோசனைதான்! 38 மி.மீ. பலகை இரண்டு, நுனியைச் சரிவாகச் சீவினேன். முன்பக்க அடியில் குறுக்காக இருக்கும் சட்டமான கிராஸ்மெம்பரின் நடுவில் ஜாக்கை வைத்ததும் வண்டி நேராக எழும்பியது.

எதிர்பாராதது: ஜாக்கின் கைப்பிடி பம்பரில் இடித்ததால் முதலில் சின்னச் சின்னதாகத்தான் அடிக்க முடிந்தது. வண்டி ஏற ஏற ஜாக்கும் உருள வேண்டும். சரளைத் தரையில் ஜாக்கின் சக்கரம் புதைந்தது, சிமெண்ட் தரைக்கு மாறினேன். பின்பக்கத்தை டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டி) ஜாக் வைத்துத் தூக்கினேன். வண்டியைத் தாங்கும் நாலு ஸ்டாண்டும் வைத்த பிறகே அடியில் படுத்தேன்.