45 ஆயிரத்துக்குள் பயணத்தில் ஃபோட்டோ எடிட் பண்ண சின்ன லேப்டாப்: பெங்களூரில் எதை வாங்கலாம்?

அல்சூர்_ஆள்:

வணக்கம். பட்ஜெட் 45 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 50. கேமரா சோனி ஏ6400, ரா (திருத்துவதற்கான அசல் ஃபைல்) மட்டும்தான் எடுப்பேன். கபினி, பந்திப்பூர், ரங்கனதிட்டு, எப்போதாவது ஹம்பி என்று வார இறுதிப் பயணங்களுக்குத் தேவை. வீட்டில் டெஸ்க்டாப்பும் 27 அங்குல மானிட்டரும் இருக்கு, அதனால் இது இரண்டாவது மெஷின்தான். கேமரா பையிலேயே அடங்கணும், ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. ஃபோட்டோ திருத்த அடோபியின் லைட்ரூம் கிளாசிக் சந்தா இருக்கு.

கடையில் இதே விலைக்கு ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று புது லேப்டாப் காட்டுறாங்க. எம்1 மேக்புக் ஏர் பழையது பார்த்தால் 8 ஜிபி, 256 ஜிபி. கணக்குப்படி புதுசுதானே லாபம்? இல்லை, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் பழைய திங்க்பேட் போதுமா? கேமிங் லேப்டாப் வாங்கு என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

---

நிறமாலை:

உங்க கணக்கில் ஸ்கிரீன் விட்டுப்போச்சு. அந்தப் புது லேப்டாப்பின் ஸ்பெக் ஷீட்டைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. 'ஆன்டி கிளேர், 250 நிட்ஸ், 45% என்.டி.எஸ்.சி' என்று பொடி எழுத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். நிட்ஸ் என்பது வெளிச்ச அளவு, என்.டி.எஸ்.சி என்பது பேனல் காட்டும் நிறங்களுக்கான அளவுகோல். 45% என்றால், இணையப் படங்களுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தப் பேனல் காட்டும். 72% என்று போட்டிருந்தால்தான் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. எதுவுமே போடவில்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்க.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், அடர்ந்த சிவப்பும் ஆரஞ்சும் வெளிறித் தெரியும். புலி முதுகு சோகையாக இருக்கேன்னு சாச்சுரேஷனை +20 தள்ளுவீங்க. வீட்டு மானிட்டரில் திறந்தால் மஞ்சள் பூசிக் குளிச்ச புலி நிற்கும். காலிப்ரேட் பண்ணினாலும் இது தீராது. காலிப்ரேஷன் இருக்கிற நிறத்தை நேராக்கும், பேனலால் காட்ட முடியாத நிறத்தை எங்கிருந்தும் கொண்டுவராது.

எம்1 ஏர் 2020 நவம்பரில் வந்த மெஷின். 13.3 அங்குலம், 2560 × 1600, 400 நிட்ஸ், எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த பி3 நிறப்பரப்பு, 1.29 கிலோ. உங்க விலையில் இந்த ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வரும் புது விண்டோஸ் மெஷின் அபூர்வம். சார்ஜரைக் கழற்றினாலும் அதே வேகத்தில் ஓடும். பல இன்டெல் லேப்டாப்புகள் பேட்டரியில் கணிசமாகத் தளர்ந்துவிடும். ஃபேன் கிடையாது, அதனால் நூற்றுக்கணக்கில் எக்ஸ்போர்ட் போட்டால் சூடேறி வேகம் குறையும். உங்க தேவைக்கு அது பெரிய குறை இல்லை.

8 ஜிபி விஷயத்தில் மழுப்ப விரும்பலை. லைட்ரூம் கிளாசிக்குக் குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16 என்று அடோபியே சொல்கிறது. மற்ற ஆப்களை மூடிவிட்டு ஒவ்வொரு படமாகத் திருத்தினால் 8 ஓடும். பனோரமா மெர்ஜ், ஒரே படத்தில் நாலைந்து ஏஐ மாஸ்க், பின்னால் குரோமில் இருபது டேப் என்றால் ரேம் போதாமல் எஸ்எஸ்டியைக் கடன் வாங்கும் ஸ்வாப்புக்குப் போய்விடும். ஸ்லைடரை இழுத்துவிட்டுப் படம் அசையக் காத்திருக்கணும். ரேமும் எஸ்எஸ்டியும் போர்டிலேயே சால்டர், பிறகு ஏற்ற வழியே இல்லை. 16 ஜிபி ஏர் கண்ணில் பட்டால் அந்த 50 வரைக்கும் போங்க. எஸ்எஸ்டி 256 இருந்தால் பரவாயில்லை, அதற்கு வெளியில் வழி உண்டு.

ஓஎல்இடி ஸ்கிரீன் லேப்டாப் தள்ளுபடியில் வந்தால் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீங்க. நிறத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பிரைட்னஸைக் குறைத்தால் பல பேனல்கள் மினுக்கும், சிலருக்குக் கண் வலிக்கும். கலர் மேனேஜ்மென்ட் இல்லாத ஆப்பில் எல்லாமே தூக்கலாகத் தெரியும், லைட்ரூமுக்குள் தெரிவதை மட்டும்தான் நம்பலாம்.

---

செகண்ட்ஸ்_சேகர்:

ஸ்கிரீன் பத்தி நிறமாலை சார் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா பழைய விண்டோஸ் மெஷினை இப்படி ஒரேயடியா ஒதுக்கிட்டாரே! ஐடி கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு தள்ளுற லேப்டாப் நம்ம ஊர்ல கொட்டிக் கிடக்கு. ஏருக்கு ஆகுற காசுல மெஷின், ரேம், வெளி எஸ்எஸ்டி மூணும் முடிச்சிடலாம்.

இன்டெல் 8-ம் தலைமுறைக்குக் கீழே தொடாதீங்க. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஏறாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. எச்பி எலைட்புக் 830 ஜி5, ஜி6 ரெண்டும் 13.3 அங்குலம், ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், கழட்டி மாட்டலாம். திங்க்பேட் டி480எஸ் 14 அங்குலம்; கொஞ்சம் ரேம் போர்டுல, ஒரு ஸ்லாட் காலி. எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் ரெண்டும் கைக்கு அடக்கம், ஆனா ரேம் முழுக்க சால்டர். 8 ஜிபி எக்ஸ்1-ஐ யாராவது தலையில கட்டப் பார்த்தா நகர்ந்துடுங்க. 16 ஜிபி போடுறப்போ ரெண்டு எட்டா போடுங்க, ஒரே பதினாறா வேணாம். இந்த மெஷின்ல தனி கிராஃபிக்ஸ் கிடையாது, கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் தின்னும். ரெண்டு சேனல் இருந்தாதான் அதுக்கு மூச்சு வரும்.

எலைட்புக்ல ஒரு பொறி இருக்கு, ஷ்யூர் வியூ. பக்கத்து சீட்டுக்காரன் பார்க்கக் கூடாதுன்னு வெச்ச பிரைவசி ஸ்கிரீன். அணைச்சு வெச்சாலும் தலையைக் கொஞ்சம் சாய்ச்சா வெளிச்சம் மாறும். பேங்க் வேலைக்கு நல்லது, ஃபோட்டோவுக்கு ஆகாது.

டி480எஸ்ல ஸ்கிரீன் மட்டமா இருந்தா மாத்திக்கலாம். கடையில 14 அங்குலம், ஃபுல் எச்டி, 30 பின், 400 நிட்ஸ், 72% என்.டி.எஸ்.சின்னு நாலையும் சொல்லிக் கேளுங்க. டச் மாடலோ 2560 × 1440 மாடலோ வாங்கியிருந்தா கேபிளே வேற, அப்ப இது சேராது. மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற அடிப்படை செட்டிங்) உள்ள போய் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்தே ஆகணும். சில மெக்கானிக் சார்ஜரை மட்டும் உருவிட்டுக் கனெக்டரைப் பிடுங்குவாங்க; போர்டுல பேக்லைட் ஃபியூஸ் போயிடும். டார்ச் அடிச்சா படம் மங்கலா தெரியும், வெளிச்சம் மட்டும் வராது. 'புது பேனலே டெட்'னு சொல்லி உங்க தலையில இன்னொரு பேனல் விழும்.

எஸ்.பி. ரோட்டுக்கு சிக்பேட்டை மெட்ரோவுல இறங்கி நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை அடைப்பு, வேலை நாள் காலையில போங்க. ஒரு பென்டிரைவ்ல சுத்த வெள்ளை, நடு சாம்பல், கறுப்பு, சிவப்புன்னு நாலு படமும், போன்ல இருக்கிற உங்க ரெண்டு ஃபோட்டோவும் போட்டுக் கொண்டு போங்க. வெள்ளையை முழு ஸ்கிரீன்ல வெச்சா அழுத்தத்துல வந்த திட்டு தெரியும், கறுப்புல ஓரம் ஒழுகுறது தெரியும். போனை நேச்சுரல் மோடுல போட்டுப் பக்கத்துல பிடிச்சா சிவப்பு எவ்வளவு விழுதுன்னு கடைக்காரருக்கே தெரிஞ்சிடும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியில ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தா பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க. பயாஸுக்குள்ள போகப் பாஸ்வேர்டு கேட்டா அந்த மெஷின் வேணாம், விலை பாதின்னாலும் வேணாம்.

மேக் வாங்குறதா இருந்தா, கடைக்காரர் முன்னாடியே எரேஸ் பண்ண வெச்சு, உங்க போன் ஹாட்ஸ்பாட்ல சேர்த்து, முதல் ஸ்கிரீன்லேர்ந்து செட்டப் ஓட்டுங்க. 'ரிமோட் மேனேஜ்மென்ட்'னு ஏதோ கம்பெனி பேரோட வந்தா அது இன்னும் அந்தக் கம்பெனி பிடியில இருக்கு. பழைய ஓனரோட ஆப்பிள் ஐடி கேட்டா ஆக்டிவேஷன் லாக். நெட் இல்லாம செட்டப் முடிச்சுக் காட்டினா ஒத்துக்காதீங்க, நெட்ல சேர்ந்த பிறகுதான் இதெல்லாம் தலைகாட்டும்.

---

அல்சூர்_ஆள்:

ரெண்டு பேருக்கும் நன்றி. புது ஐ5 யோசனையை விட்டாச்சு. மாலை சஃபாரி எல்லாம் ஐஎஸ்ஓ 6400-க்குக் குறையாது, படத்தில் விழும் நாய்ஸ் புள்ளிகளை நீக்கும் லைட்ரூம் டினாய்ஸ் எதில் நல்லா ஓடும்? 256 ஜிபியில் எப்படிச் சமாளிப்பது? காட்டுப்பக்க ரிசார்ட்டில் கரண்ட் நிச்சயம் இல்லை, பவர் பேங்க் தாங்குமா?

---

கார்டுரீடர்:

டினாய்ஸைப் பயணத்தில் செய்யவே வேண்டாம். அது முழுக்க ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வேலை. எலைட்புக், டி480எஸ் இவற்றில் இருக்கும் யுஎச்டி 620-க்கு ஒரே படத்துக்குப் பல நிமிடம் பிடிக்கும். எம்1 அதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் வரிசையாகப் போட்டால் பேட்டரியைக் குடித்துவிடும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப் எல்லாம் லேப்டாப்பில் முடித்து வைத்தால், டினாய்ஸை வீட்டு டெஸ்க்டாப்பில் இரவோடு இரவாக ஓடவிடலாம். செய்த திருத்தம் அப்படியே இருக்கும்.

இடம்: ஏ6400 ரா ஒன்று சுமார் 24 எம்பி. நொடிக்கு 11 ஃபிரேம் போகும் கேமரா, இரண்டு நாள் சஃபாரியில் 3000 படம் சாதாரணமாக விழும். அது 72 ஜிபி. 1 டிபி வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி ராவை அதில் போடுங்கள். கேட்டலாக்கும் (லைட்ரூம் உங்கள் திருத்தங்களைப் பதியும் ஃபைல்) பிரிவியூவும் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். இம்போர்ட் செய்யும்போது 'இரண்டாவது நகல்' என்ற தேர்வை லேப்டாப் டிஸ்க்குக்குத் திருப்பிவிட்டால் கார்டைத் துடைக்கும் முன் இரண்டு பிரதி இருக்கும். ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

தேர்ந்த படங்களுக்கு ஸ்மார்ட் பிரிவியூ உண்டாக்குங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் கொண்ட சுருக்கப் பிரதி அது. பிரிஃபரன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் டேபில் 'அசலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவியூவை எடிட்டிங்குக்குப் பயன்படுத்து' என்பதை டிக் செய்தால் 8 ஜிபி மெஷினும் சுறுசுறுப்பாகிவிடும். ஷார்ப்னஸையும் நாய்ஸையும் மட்டும் அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வீடு திரும்பியதும் டெஸ்க்டாப்பில் 'இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்', வேலை முடிந்தது.

கேமராவைக் கேபிளில் இணைத்துக் காப்பி செய்யும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அந்த மைக்ரோ யுஎஸ்பி வழி மெதுவானது. ஏரில் எஸ்டி ஸ்லாட் கிடையாது, எப்படியும் ரீடர் வேண்டும். 64 ஜிபி கார்டு யுஎஸ்பி 3 ரீடரில் நொடிக்கு 90 எம்பி வேகத்தில் 12 நிமிடம். பெட்டிக்கடை யுஎஸ்பி 2 ரீடரில் 35 நிமிடம். யுஎச்எஸ்-2 (வேகமான கார்டு வகை) ரீடருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், உங்கள் கேமராவின் ஸ்லாட்டே யுஎச்எஸ்-1 தான்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஏ6400 தன் ராவுக்குள் வைக்கும் ஜேபெக் 1616 × 1080 மட்டுமே. அதை வைத்து வேகமாகக் கழிக்கலாம், கண்ணில் ஃபோகஸ் விழுந்ததா என்று 100 சதவீதத்தில் பார்க்க முடியாது. முதல் சுற்றில் அதை வைத்து வெட்டுப்பட்டது, ஆடியது, முதுகு காட்டியது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மிஞ்சிய முன்னூறு நானூறுக்கு மட்டும் முழு அளவு (1:1) பிரிவியூ போடுங்கள். மூவாயிரத்துக்கும் போட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும்.

கரண்ட்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-அவர். மாற்றத்தில் போகும் இழப்பு கழிந்தால் கையில் நிற்பது 60 சொச்சம். எம்1 ஏரின் பேட்டரி 49.9 வாட்-அவர், அதனால் ஒரு முழு சார்ஜ் தாராளம். டைப்-சி பிடி (பவர் டெலிவரி) வழியாக 20 வோல்ட்டில் 45 வாட் தருவதாகப் பாருங்கள். போனுக்கான 22.5 வாட் பேங்க்கை எலைட்புக்கில் செருகினால் ஏற்காது அல்லது ஒப்புக்கு ஏறும். காரில் போவதாக இருந்தால் 12 வோல்ட் சாக்கெட்டுக்கு 65 வாட் பிடி சார்ஜர் இதைவிட மலிவு.

விண்டோஸ் மெஷின் வாங்கினால் முதல் நாளே இன்டெல் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் 'டிஸ்பிளே பவர் சேவிங்'கையும், விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் உள்ளடக்கத்துக்கேற்ப வெளிச்சம் மாற்றும் தேர்வையும் அணையுங்கள். பேட்டரிக்கு மாறியதும் இவை கான்ட்ராஸ்ட்டைத் தானாக மாற்றும், நீங்கள் ஷேடோஸ் ஸ்லைடரோடு மல்லுக்கட்டுவீர்கள். மேக்கில் ஸ்கிரீன் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோனும் நைட் ஷிஃப்ட்டும் ஆஃப்.

---

அல்சூர்_ஆள்:

சரி, 16 ஜிபி ஏர் முதலில் தேடுறேன். நல்லதா அமையலைன்னா 830 ஜி6, ஷ்யூர் வியூ இல்லாதது. வெளி எஸ்எஸ்டியை எதில் ஃபார்மேட் பண்ணணும்? டெஸ்க்டாப் விண்டோஸ்.

---

கார்டுரீடர்:

ஏர் என்றால் எக்ஸ்ஃபேட், மேக்கும் விண்டோஸும் இரண்டுமே அதில் எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (எழுதுவதைக் குறித்துவைத்து, பாதியில் நின்றால் மீட்க உதவும் வசதி) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடினாலோ, எஜெக்ட் பண்ணாமல் உருவினாலோ ஃபோல்டரே காணாமல் போகலாம். கேட்டலாக்கை லேப்டாப்பிலேயே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 830 வாங்கினால் இரண்டு பக்கமும் விண்டோஸ், யோசிக்காமல் என்டிஎஃப்எஸ் போடுங்கள்.