லயத்து வீட்டை வெட்டி ஒட்டி ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை

கேள்வி: பால்மரத்து நிழல், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர் மரக்) காடாக இருந்த இடம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை (எண்ணெய்ப் பனை). சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் தமிழ் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள்.

இந்தத் தீபாவளிக்கு அவர்கள் தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து, தோட்டத்தை விட்டுப் போன பெரியவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்த பிறகு சிலர் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். சிலர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு வரும்போதுதான் முகம் பார்க்கிறோம். முகவரிகளை உபயக்காரர் ஏட்டிலிருந்து எழுதி எடுத்துவிட்டேன்.

கையில் இருப்பவை கத்தரிக்கோல், பசைக்குச்சி, வெள்ளைப் பசை, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வண்ணத் தாள், கொஞ்சம் மணிலா அட்டை. படம் வரையத் தயங்கும் பிள்ளைகள்தாம் அதிகம். அதனால் எளிய வடிவங்களை வெட்டி ஒட்டினால் போதும் என்று நினைக்கிறேன். கெட்டி அட்டையை மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடுகிறது, வெள்ளைப் பசை தடவினால் வண்ணத் தாள் சுருங்குகிறது. இவற்றுக்கு வழி சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களை அச்செடுத்துக் கொடுத்து வெட்டச் சொல்லலாமா, அல்லது அவர்கள் போக்கில் விடலாமா? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாக இருக்கிறது.

பதில்: அச்சுமை, ஈப்போ

அக்கா, வணக்கம். சிறிய அச்சகம் ஒன்றில் தாள் வெட்டும் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த தாள் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போதே நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறியும். கெட்டி அட்டையில் அதுதான் வெடிப்பாகத் தெரிகிறது. கடையில் வாங்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் பக்கத்தோடு ஓடும். ஆகவே ஏ4 அட்டையை அப்படியே பாதியாக மடித்தால் குறுக்கே மடிப்பதாகிவிடும். முதலில் நடுவில் வெட்டி இரண்டு ஏ5 துண்டுகளாக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பாதியாக மடியுங்கள். இப்போது மடிப்பு இழையோடு போகும். கிடைக்கும் அட்டை 105க்கு 148 மில்லிமீட்டர். 114க்கு 162 அளவுள்ள சி6 உறையில் தாராளமாக நுழையும்.

மணிலா அட்டையில் இழை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. மடிக்காமல் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ அந்தப் பக்கமே மடிக்க வேண்டும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை வைத்து ஒரு கோடு அழுத்துங்கள்.

அட்டைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தாள் சரியாக இருக்கும். மேலே ஒட்டும் வடிவங்களுக்கு 80 முதல் 120 கிராம் வரை போதும். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகளின் விரல் வலிக்கும். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது; நார் அதைக் குடித்து உப்புவதால்தான் மெல்லிய தாள் சுருங்குகிறது. வண்ணத் தாளுக்குப் பசைக்குச்சியே நல்லது. வெட்டிய துண்டின் பின்பக்கம் ஓரம் வரை தடவி ஒட்டி, ஓர் இரவு கனமான புத்தகங்களின் அடியில் வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வண்ணத் தாளைத் திறந்து வைக்காதீர்கள். பிஸ்கட் டின்னுக்குள் இருக்கட்டும்.

இன்னொரு செய்தி. அச்சகங்களில் ஓரம் வெட்டிய நல்ல தாள்கள் நிறைய மிஞ்சும். உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

பதில்: மாங்கொழுந்து, கோலகங்சார்

டீச்சர், வணக்கம். தமிழ்ப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: மாதிரிப் படம் வேண்டவே வேண்டாம். பென்சிலையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கண் கோட்டை மட்டுமே பார்க்கும். விளக்கைப் பார்க்காது, இலையைப் பார்க்காது. கத்தரிக்கோல் சற்று விலகினால் கெட்டுப்போய்விட்டது என்று அழும். கோடே இல்லையென்றால் விலகுவதற்கு இடமில்லை. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியாமல் போனார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலாலேயே வெட்டி, 1954-இல் இறக்கும் வரை பெரிய பெரிய படைப்புகளை உருவாக்கினார். இலை, பறவை, நட்சத்திரம் போன்ற எளிய வடிவங்கள்தாம் பல. வரையத் தயங்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி என்ன வெட்டுவது? யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அகல் விளக்கும் மயிலும் அச்சிட்ட அட்டை அவர்களுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். லயத்து வீடு போட்ட அட்டை எங்கே கிடைக்கும்? உங்கள் பிள்ளைகளால் மட்டுமே அதைச் செய்ய முடியும்.

அட்டையின் மடிப்பு மேலே வருமாறு படுக்கை வாட்டில் வையுங்கள். அந்த மடிப்புதான் கூரையின் முகடு. அதற்குக் கீழே சாம்பல் நிறத் தாளில் நீளமாக ஒரு பட்டை ஒட்டுங்கள், அதுதான் தகரக் கூரை. மை தீர்ந்த பேனாவால் பட்டை முழுவதும் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் அழுத்தினால் தகரத்தின் நெளிவு வந்துவிடும். பட்டையை மடிப்பின் மேல் ஏற்றி ஒட்டக் கூடாது; திறந்து மூடும்போது பிய்ந்துவிடும். கூரைக்குக் கீழே வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவும் ஒரு செவ்வகம், வேறு ஒன்றுமில்லை. எந்த வீட்டுக் கதவு என்ன நிறம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், பாட்டிகளிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வாசலில் மஞ்சள் தாளில் ஒரு துளி வடிவம், அதன் அடியில் பழுப்பு அரைவட்டம்: தீபாவளி விளக்கு. அட்டையை மேசையில் நிறுத்தினால் வீடு போலவே நிற்கும். கூரையைத் தூக்கினால் உள்ளே பிள்ளையின் எழுத்து இருக்கும்.

பால்மரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் என்பதுதான் அதன் அடையாளம். தாளை மடித்துப் பாதி இலையை வெட்டினால் விரிக்கும்போது முழு இலை வரும். அப்படி மூன்றை வெட்டி அடிமுனைகளை ஓரிடத்தில் சேர்த்து ஒட்டினால் போதும். அடிமரம் செய்ய விரும்பும் பிள்ளை பழுப்புப் பட்டை ஒன்றை வெட்டி, அதன் மேல் வெள்ளைத் தாளில் மெல்லிய கீற்று ஒன்றைச் சாய்வாக ஒட்டட்டும். இதில் கவனம் தேவை. மரத்துக்கு எதிரே நிற்பவருக்குப் பால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், அந்த வாட்டத்தில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். திருப்பி ஒட்டினால் ஆயுள் முழுக்க மரம் சீவிய கை அதை உடனே கண்டுகொள்ளும். தாழ்ந்த முனைக்குக் கீழே ஒரு சின்ன அரைவட்டம், அது பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு.

உங்கள் பிள்ளைகள் செம்பனையை மட்டுமே பார்த்து வளர்கிறவர்கள். முடிந்தால் ஒரு நாள் இங்கே கோலகங்சாருக்கு அழைத்து வாருங்கள். 1877-இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் இங்கே நிற்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய் இலை வெட்டினால் வெட்டும் விதமே மாறிவிடும்.

செம்பனை மட்டைக்கும் ஒரு வழி: பச்சைத் தாளை மடித்து நீண்ட பாதி இலையை வெட்டி, திறந்த ஓரத்திலிருந்து மடிப்பை நோக்கிச் சாய்வாக வரிசையாகக் கீறல் போடுங்கள். மடிப்பைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். விரித்தால் மட்டை. இதில் எட்டு வயதுப் பிள்ளைகள் படும் மகிழ்ச்சியை நீங்களே பார்ப்பீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நகர்த்தட்டும், எழுந்து நின்று பார்க்கட்டும், ஒன்றிரண்டை எடுத்துவிடட்டும். வெற்றிடம் இருந்தால்தான் வடிவம் தெரியும். பளபளப்புத் தூளும் பொட்டு மணிகளும் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். மேடான மணிகள் அஞ்சலில் உறையைக் கிழித்துவிடவும் கூடும்.

பதில்: வெற்றிலைப்பெட்டி, பத்து காஜா

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய திருமண அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக இருக்குமே, அவற்றை எடுங்கள் அம்மா. சிவப்பு, மஞ்சள், தங்கநிறம் என்று அவ்வளவு அழகான கெட்டித் தாள் கடையில் விலை கொடுத்தாலும் கிடைக்காது. உள்பக்கம் எழுத்தில்லாத பகுதிகளை வெட்டிக்கொள்ளலாம். பிள்ளையார் படத்தையும் மணமக்கள் பெயரையும் மட்டும் பெரியவர்களே முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் கத்தரிக்கோல் அதன் மேல் பட வேண்டாம்.

க்ரேப் தாளைத் தவிர்த்துவிடுங்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கி அட்டை முழுக்க ஊறிவிடும். மைதாப் பசையும் வேண்டாம். எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

பதில்: பால்மரத்து நிழல், சுங்கை சிப்புட்

மாங்கொழுந்து அம்மா, லயத்தின் முகடு மடிப்பாக வரும் என்பதை வாசித்ததும் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உடனே, "எங்கள் வீட்டுக் கதவு நீலம், அடுத்தது தண்டல் (மேற்பார்வையாளர்) வீடு, அது பச்சை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எழுதி வைத்துக்கொண்டேன். மாதிரிப் படத்தை விட்டுவிட்டேன். அச்சகத் தம்பிக்கும் வெற்றிலைப்பெட்டி அம்மாவுக்கும் மிக்க நன்றி.

இரண்டு சந்தேகங்கள். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் வெட்டும்போது தாள் அறுபடாமல் மடங்குகிறது. அதற்கு என்ன செய்வது? அட்டைக்குள்ளே என்ன எழுதச் சொல்வது?

பதில்: மாங்கொழுந்து, கோலகங்சார்

வழக்கமான கத்தரிக்கோலின் அலகுகள் வலது கைக்கு ஏற்றபடி அடுக்கப்பட்டவை. வலது கை அழுத்தும்போது அலகுகள் ஒன்றோடொன்று நெருங்கும், இடது கை அழுத்தும்போது விலகும். விலகிய சந்தில்தான் தாள் மடங்குகிறது. குறை பிள்ளையின் கையில் இல்லை என்பதை எல்லார் முன்னிலும் சொல்லுங்கள். இடது கைக் கத்தரிக்கோல் தனியாக விற்கிறது. ஒன்றிரண்டு வாங்கி மண்டபத்திலேயே வைத்துவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலை ஒரே இடத்தில் நிறுத்தி, மற்றக் கையால் தாளைத் திருப்ப வேண்டும்.

உள்ளே எழுதுவதற்கு வாசகம் கொடுக்காதீர்கள். இனிய தீபாவளி வாழ்த்துகள் என்று ஒரு வரி, அதற்குக் கீழே தோட்டத்துச் செய்தி ஒன்று. கோயிலுக்குப் புது வண்ணம் அடித்தது, ஆற்றில் தண்ணீர் ஏறியது, பழைய பந்துத் திடலில் யார் விளையாடுகிறார்கள் என்பது, எது வேண்டுமானாலும் பிள்ளை பார்த்ததாக இருக்கட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். கடைசியில் தன் பெயரோடு, இன்னார் பேரன், இன்னார் பேத்தி என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியாமல் இருக்கலாம். தாத்தா பாட்டி பெயர் தெரியும்.

முகவரியை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதட்டும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டை நீங்கள் ஒரு முறை சரிபாருங்கள். அடுக்குமாடி என்றால் புளோக் எண்ணும் மாடி எண்ணும் விட்டுப்போகக் கூடாது. உறையின் பின்பக்கம் கோயில் முகவரியை எழுதிவிடுங்கள், பதில் எழுத நினைப்பவர்களுக்கு உதவும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.