பொருள்: வெள்ளீயப் பூச்சில் முளைக்கும் உலோக மயிருக்குச் ‘சுணை’ சரிவருமா?

வணக்கம்.

கருவிப் பழுதுக் கையேட்டில் ‘வந்து வந்து போகும் பழுதுகள்’ இயலுக்கு ஒரு சொல் வேண்டும். கனெக்டர் பின், ரிலே உறை, ஐசி கால் இவற்றில் பூசிய தூய வெள்ளீயத்திலிருந்து தானாகவே வளரும் ஊசி போன்ற உலோகப் படிகம் அது. தடிமன் சில மைக்ரான். நீளம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள், அரிதாக 10 மி.மீ. வரை. பின்களின் மையத்துக்கு மையம் 0.5 மி.மீ. உள்ள கனெக்டரில் நடு இடைவெளி அதிலும் குறைவு. பக்கத்துப் பின்னை எளிதாகத் தொட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இதை tin whisker என்பார்கள். அதை அப்படியே பெயர்த்த ‘தகர மீசை’ எனக்கு ஒப்பவில்லை. தகரம் என்றதும் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். ‘இழை’ கண்ணாடி இழைக்கும் பல்பு இழைக்கும் போய்விட்டது. கரும்புச் சோகையில் கையைக் கீறும் சுணை இருக்கிறதே, அதையே எடுத்து ‘வெள்ளீயச் சுணை’ என்கிறேன்.

---

மறுமொழி:

சொல் பொருந்துகிறது. வரையறையில் ‘அடியிலிருந்து வளர்வது’ என்று கட்டாயம் சேருங்கள். அடியிலுள்ள செம்பு வெள்ளீயத்தோடு சேர்ந்து சேர்மமாகும்போது பூச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது, அது உலோகத்தை வெளியே பிதுக்குகிறது. ஈரமோ மின்னழுத்தமோ தேவையில்லை, அலமாரியில் கிடக்கும் உதிரிப்பாகத்திலும் வளரும். ஈரத்தில் மின்புலத்தால் படர்வது வேறு. அதற்குக் ‘கிளைப்படிவு’ இருக்கட்டும்.

3% காரீயம் கலந்தாலே சுணை பெரிதும் அடங்கும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதும் தூய வெள்ளீயப் பூச்சு பெருகியது. இப்போது நடுவில் நிக்கல் அடுக்கு கொடுக்கிறார்கள், அல்லது பூசியவுடன் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றுகிறார்கள். இரண்டும் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

பழுதுபார்ப்பவருக்கு முக்கியமானது இது: சில பத்து மில்லியாம்பியர் பாய்ந்தால் சுணை உருகிப் போகும், கருவி மறுபடி ஓடும், சோதனையில் ஒன்றும் சிக்காது. மின்னோட்டம் குறைவான சுற்றில் ஷார்ட் அப்படியே நிற்கும். போர்டைத் திறந்ததும் பிரஷ்ஷால் துடைப்பது, காற்றடிப்பது கூடவே கூடாது, தடயம் போய்விடும். சாய்வாக விளக்கடித்து, போர்டை மெல்லத் திருப்பியபடி 10 முதல் 50 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் மினுக்கென்று தெரியும்.

---

மறுமொழி:

‘சுணை கெட்டவன்’ என்பதில் வரும் பொருளோடு குழம்பாதா என்று தயங்கினேன். உலோகப் பெயர் முன்னால் வருவதால் குழம்பாது. இன்னொரு வசதி, துத்தநாகத்துக்கும் இதே சொல் போதும். சர்வர் அறைகளின் உயர்தரை ஓடுகளுக்கு அடியில் துத்தநாகம் பூசியிருந்தால் அங்கும் சுணை வளரும். ஓட்டைத் தூக்கும்போது ஒடிந்து காற்றில் பறந்து பவர் சப்ளைக்குள் போய் விழும். கரும்புச் சுணையும் உதிர்ந்து ஒட்டுவதுதானே!

பதிவு இப்படி இருக்கலாம்: வெள்ளீயச் சுணை, துத்தநாகச் சுணை, வினை ‘சுணை விடுதல்’, விளைவு ‘சுணைக் குறுக்குச்சுற்று’. போர்டின் மேல் பூசும் மேற்பூச்சைச் ‘சுணைத்தடைப் பூச்சு’ என வேண்டாம். அது வளர்ச்சியைத் தடுக்காது, தொடுவதைத்தான் தடுக்கும். ‘காப்புப் பூச்சு’ போதும்.